நாய்க்கடியும் நம் பொறுப்பும்: நகரங்கள் செய்வது என்ன? நம் ஊரில் நாம் செய்ய வேண்டியது என்ன?



இந்த மாதப் பாடம் நாயைப் பற்றியது. "நாயைப் பத்திப் படிக்க என்னங்க இருக்கு? தினமும் தெருவுல பார்க்கிறதுதானே!" என்று சிலர் சிரிக்கலாம். நாமும் அப்படித்தான் இருந்தோம். நம் குழுக்களில் ஒன்றில் நடந்த ஒரு விஷயம் நம் சிரிப்பை நிறுத்திவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு வியாழக்கிழமை. வாராந்திரக் கூட்டம். சேமிப்புப் பணம் வசூலாகிக்கொண்டிருந்தது. ஒரு உறுப்பினர் தன் எட்டு வயது மகளையும் கூட்டி வந்திருந்தார். குழந்தையின் கெண்டைக்காலில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பி, மேலே துணி சுற்றியிருந்தது. ஊக்குநர்தான் பார்த்துக் கேட்டார். "அதுவா, திங்கட்கிழமை நாய் லேசாப் பல்லு வச்சிருச்சு. சின்னக் காயம்தான். கயிறு மந்திரிச்சுக் கட்டியிருக்கோம்" என்றார் அம்மா.

துணியை அவிழ்த்துப் பார்த்தால் இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது. மூன்று நாளாகியும் ஒரு ஊசி கூடப் போடவில்லை. "ஏம்மா போகலை?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இதுதான்: "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களாமே, பிள்ளை தாங்குமா? நாலு தடவை ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சா எனக்கு நாலு நாள் கூலியும் போச்சு."

அதோடு முடியவில்லை. கடித்த நாய் அதே குழுவில் இருக்கும் இன்னொரு உறுப்பினர் வீட்டு வாசலில் படுத்துக் கிடக்கும் நாய். "உன் நாய்தானே கடிச்சுது, செலவு நீதான் கொடுக்கணும்" என்றார் ஒருவர். "அது என் நாயே இல்லை, தெரு நாய். மிஞ்சின சோத்தைப் போடறேன், அவ்வளவுதான்" என்றார் மற்றவர். பேச்சு முற்றி, ஆறு வருஷமாக ஒன்றாக இருந்த குழு அன்றைக்கே இரண்டாக உடையும் நிலைக்கு வந்துவிட்டது.

அந்தச் சண்டையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நாய் கடித்தால் உடனே என்ன செய்வது? கடிக்கும் நாய்க்கு யார் பொறுப்பு? பெரிய பெரிய நகரங்களே இந்த இரண்டாவது கேள்வியோடு பல வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் செய்த நல்லதையும் தப்பையும் பார்த்து நாமும் கற்றுக்கொள்வோம்.

பாடம் 1: ஏன் இவ்வளவு பயம்?

நாய்க்கடியில் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று, காயம். கூட்டமாகவோ, பெரிய உடம்புள்ள நாயாகவோ பாய்ந்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. இரண்டாவது, ரேபிஸ் என்கிற வெறிநோய். இந்தக் கிருமி வெறிபிடித்த நாயின் எச்சிலில் இருக்கும். கடிவாய் வழியாகவோ, புண்ணில் நக்குவதாலோ உள்ளே போய், நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஏறும். இதற்குச் சில வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். சிலருக்கு இன்னும் அதிக நாள் கூட ஆகும். அதனால்தான் "கடிச்சுப் பத்து நாள் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று நினைத்து ஏமாந்து போகிறோம்.

தண்ணீரைக் கண்டால் பயம், தொண்டை இழுப்பு என்று அறிகுறி வந்துவிட்டால், அதன்பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. ஆனால் அறிகுறி வருவதற்கு முன்பே முறையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டால் இந்த நோயைத் தடுத்துவிடலாம். சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவில் இருப்பது அந்தச் சில நாட்கள்தான்.

மனிதருக்கு வரும் ரேபிஸில் நூற்றுக்கு 99 நாய் மூலமாக வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இறப்பவர்களில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். 2024-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாயின. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 4.8 லட்சம். அதே ஆண்டில் நம் மாநிலத்தில் 43 பேர் ரேபிஸால் இறந்தார்கள்.

பாடம் 2: நகரங்கள் என்ன செய்கின்றன?

அ) கொல்வதால் குறையவில்லை

சென்னை மாநகராட்சி ஒரு காலத்தில் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. பல பத்தாண்டுகள் அப்படிக் கொன்றும் நாய் குறையவில்லை. காரணம் நமக்கே தெரியும். ஒரு பெட்டை நாய் வருஷத்துக்கு இரண்டு ஈற்று ஈனும். தெருவில் குப்பையும் இறைச்சிக் கழிவும் கிடக்கிற வரைக்கும், ஒரு நாய் போன இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும்.

சென்னையில் உள்ள புளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே வேறு வழியைச் செய்து காட்டியது. நாயைப் பிடி, கருத்தடை அறுவை செய், வெறிநோய்த் தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. இதுதான் அந்த வழி. 1996-இல் மாநகராட்சியும் இதை ஏற்றுக்கொண்டது. 2001-இல் மத்திய அரசு இதையே நாடு முழுவதற்கும் விதியாக்கியது. அந்த விதிகளுக்குப் பதிலாக 2023-இல் புதிய விலங்குகள் கருத்தடை விதிகள் வந்தன. இதைச் செய்யும் பொறுப்பை இந்த விதிகள் உள்ளாட்சி அமைப்புகளிடம் கொடுத்திருக்கின்றன. அறுவை செய்த நாய்க்கு அடையாளமாகக் காதில் சிறு வெட்டு இருக்கும்.

ஆனால் நல்ல திட்டம் இருந்தால் மட்டும் போதாது. செய்கிற வேகமும் வேண்டும். ஒரு ஊரில் உள்ள நாய்களில் நூற்றுக்கு 70-க்காவது தடுப்பூசி போட்டால்தான் வெறிநோய் பரவுவது நிற்கும். சென்னையில் 2024-இல் எடுத்த கணக்கில் ஏறத்தாழ 1.8 லட்சம் தெருநாய்கள் இருந்தன. அவற்றில் கருத்தடை ஆனது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான். பத்து வீட்டில் கொசு மருந்து அடித்துவிட்டு முப்பது வீட்டை விட்டால் ஊரில் கொசு ஒழியுமா? அதே கதைதான்.

ஒழுங்காகச் செய்தால் பலன் உண்டு என்பதற்குச் சாட்சி கோவா. அங்கே அரசும் தொண்டு நிறுவனமும் சேர்ந்து தெருத் தெருவாகப் போய் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். 2021-இல் கோவா ரேபிஸ் கட்டுக்குள் வந்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அவர்கள் செய்தது நம்மால் முடியாத காரியம் இல்லை.

ஆ) உச்ச நீதிமன்றம் சொன்னது

2025-இல் இந்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆகஸ்ட் 11 அன்று, டெல்லியிலும் சுற்றுப் பகுதிகளிலும் உள்ள தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்று இரண்டு நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். நாட்டில் பெரிய விவாதம் கிளம்பியது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அந்த உத்தரவை மாற்றினார்கள். கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ஆனால் வெறிநோய் உள்ள நாய், அந்தச் சந்தேகம் உள்ள நாய், மூர்க்கமாகப் பாயும் நாய் ஆகியவற்றைத் திரும்ப விடக் கூடாது. கண்ட இடத்தில் சோறு போடாமல், அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் போட வேண்டும். இதுதான் மாற்றிய உத்தரவு.

பிறகு நவம்பர் 7 அன்று இன்னொரு உத்தரவு வந்தது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, விளையாட்டு மைதானம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களுக்கு நாய் நுழையாதபடி வேலி போட வேண்டும். அங்கே பிடித்த நாயை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

நாய்க்கடிக்கு நகராட்சி பதில் சொல்ல வேண்டுமா என்ற கேள்வியும் உண்டு. பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2023-இல், தெருநாய் கடித்தால் ஒவ்வொரு பல் தடத்துக்கும் குறைந்தது 10,000 ரூபாய் இழப்பீடு என்று தீர்ப்புச் சொன்னது. அது அந்தப் பகுதிக்கு உரிய தீர்ப்பு. ஆனாலும், "நாய்தானே கடிச்சுது, யாரைக் கேட்கிறது?" என்ற நம் பழைய பேச்சு இனிச் செல்லாது என்பது அதில் தெரிகிறது.

இ) வளர்ப்பு நாய்க்கு வளர்ப்பவரே பொறுப்பு

எல்லா ஆபத்தும் தெருநாயால் வருவதில்லை. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அவை வீட்டில் வளர்த்த நாய்கள். அதன்பிறகு மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுப்பதைக் கண்டிப்பாக்கியது. வெளியே கூட்டிப் போகும்போது கயிறும், வாய்க்கு மூடியும் வேண்டும் என்றது. வண்டி மாட்டுக்குக் கயிறும், பிணையடிக்கிற மாட்டுக்கு வாய்க்கூடையும் போடுகிற நமக்கு இது ஒன்றும் புதுசில்லை.

மற்ற நாடுகளில் இரண்டு விதமாகச் செய்கிறார்கள். பிரிட்டனில் 1991-இல் ஒரு சட்டம் போட்டு, பிட்புல் போன்ற சில நாய் இனங்களையே தடை செய்தார்கள். எக்ஸ்.எல். புல்லி என்ற இனம் பலரைக் கடித்துக் கொன்ற பிறகு, அதையும் பட்டியலில் சேர்த்தார்கள். 2024 பிப்ரவரி 1 முதல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்குச் சான்று இல்லாமல் அந்த நாயை வைத்திருப்பதே குற்றம்.

கனடா நாட்டில் கால்கரி என்ற நகரம் வேறு வழியில் போனது. எந்த இனத்தையும் தடை செய்யவில்லை. எந்த நாயானாலும் உரிமம் வேண்டும். கடித்தால் வளர்ப்பவருக்கு அபராதம். கடித்த நாய்க்குக் கூடுதல் கட்டுப்பாடு. "நாயைக் குறை சொல்லாதே, வளர்க்கிறவரைக் கேள்" என்பது அவர்கள் வழி.

நம் நாட்டில் 2024 மார்ச்சில் 23 வகை நாய்களைத் தடுக்கும்படி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் செய்தது என்று, கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது.

ஆனால் ஒரு சட்டம் எல்லா ஊருக்கும் பொது. தன்னிடம் உள்ள விலங்கால் அடுத்தவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். அதேபோல, கோபத்தில் நாய்க்கு விஷம் வைப்பதும் அடித்துக் கொல்வதும் குற்றம். விஷ உணவை நம் வீட்டுக் கோழியோ குழந்தையோ எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பாடம் 3: கடித்தால் உடனே செய்ய வேண்டியவை

இதை வெட்டி எடுத்து வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.

1. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். குழாய் இல்லாவிட்டால் சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றுங்கள். கிருமியை அந்த இடத்திலேயே குறைக்கும் முதல் மருந்து இந்தச் சோப்புத் தண்ணீர்தான்.

2. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள், எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது.

3. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் இந்த ஊசிக்குக் காசு இல்லை. தொப்புளைச் சுற்றிப் போடும் பழைய ஊசி மருந்து தயாரிப்பது 2004-லேயே நிறுத்தப்பட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

4. தோலில் போடும் ஊசி என்றால் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள். தசையில் போடும் ஊசி என்றால் முதல் நாள், 3, 7, 14, 28. சீட்டில் தேதியை எழுதித் தருவார்கள். ஒரு ஊசியையும் விடக் கூடாது.

5. ரத்தம் வரும் ஆழமான காயம் என்றால், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும். "இந்தக் காயத்துக்கு அந்த மருந்து வேணுமா?" என்று நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். அங்கே இல்லாவிட்டால் எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்றும் கேளுங்கள்.

6. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம், போட்டே ஆக வேண்டும். நாள் தாண்டிவிட்டாலும் "இனிப் போய் என்ன" என்று இருக்காமல் உடனே போங்கள்.

7. கடித்த நாயை அடித்துக் கொல்லாமல், தள்ளி நின்று 10 நாள் கவனியுங்கள். ஆனால் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்: நாய் துரத்தினால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, மரம் மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். சாப்பிடும் நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகக் கூடாது. முக்கியமாக, நாய் பிறாண்டினாலும் அம்மாவிடம் சொல்ல வேண்டும். திட்டு விழும் என்று பயந்து மறைக்கும் பிள்ளைகள் நிறைய. "சொன்னா அடிக்க மாட்டேன்" என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

பாடம் 4: நம் ஊரில், நம் குழுவில்

ஆட்டுக்கடன் வாங்கிய சகோதரிகளுக்கு இது வேறு விதத்திலும் கவலை. ஈரோடு, திருப்பூர் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதால், விவசாயிகள் போராட்டம் நடத்தினார்கள். 2025-இல் அரசு இழப்பீடு அறிவித்தது. ஆடு, மாடு நாய்க்கடி பட்டால் உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் கொடுங்கள். கடிபட்ட மாட்டுக்கும் ஊசி உண்டு. செத்த ஆட்டைப் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்குங்கள். எழுத்தில் சான்று இருந்தால்தான் எந்த இழப்பீட்டையும் கேட்க முடியும்.

ஊருக்காக நம் குழுக்கள் சேர்ந்து செய்யக் கூடியவை:

* வீட்டு நாய்க்கு வருஷம் ஒரு முறை வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, கழுத்துப் பட்டை கட்டுவது.
* கறிக்கடைக் கழிவும் கல்யாணச் சாப்பாட்டு மிச்சமும் தெருவில் கொட்டாமல் பார்த்துக்கொள்வது. குப்பை குறைந்தால் நாய்க் கூட்டமும் குறையும்.
* எந்தத் தெருவில் எத்தனை நாய், காதில் வெட்டு உள்ளது எத்தனை என்று எண்ணி எழுதுவது. இரண்டு பேர் ஒரு காலை நேரத்தில் முடித்துவிடலாம்.
* அந்தக் கணக்கோடு கிராம சபையில் தீர்மானம் கேட்பது. "நாய் ஜாஸ்தியா இருக்கு" என்று வாயால் சொன்னால் தட்டிக் கழிக்கலாம். "எங்க ஊர்ல இத்தனை நாய், கருத்தடை ஆனது இத்தனை, போன வருஷம் கடிபட்டவங்க இத்தனை பேர்" என்று எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அந்தக் குழு என்ன ஆனது?

அன்றைக்கு ஊக்குநர் சண்டையை நிறுத்திச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "யாரு நாய்ங்கறதை அப்புறம் பேசலாம். முதல்ல பிள்ளையைக் கூட்டிட்டுக் கிளம்புங்க." சேமிப்பு வசூலைப் பாதியில் நிறுத்திவிட்டு, இரண்டு பேர் கூடப் போனார்கள். காயத்தைக் கழுவி அன்றைக்கே முதல் ஊசி போட்டார்கள். ஆழமான காயம் என்பதால் அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, காயத்தைச் சுற்றியும் மருந்து போட்டார்கள். அலைச்சலுக்கும் கூலி நஷ்டத்துக்கும் குழுவிலிருந்து உள்கடன் கொடுத்தார்கள், வட்டி இல்லாமல். தேதிகளைத் தீர்மானப் புத்தகத்தின் அட்டையிலேயே எழுதி, ஒவ்வொரு முறையும் ஒரு உறுப்பினர் கூடப் போனார். 28-ஆம் நாள் ஊசியும் முடிந்தது. பிள்ளை நன்றாக இருக்கிறாள்.

அடுத்த வாரக் கூட்டத்தில் சோறு போட்ட அந்த உறுப்பினரே எழுந்து பேசினார்: "நான் சோறு போட்டேன். ராத்திரி அது என் வாசலைத்தான் காவல் காத்துச்சு. காவலுக்கு என் நாய், கடிச்சாத் தெரு நாய்னு சொன்னது தப்பு." கடனில் பாதியைத் தான் கட்டுவதாக ஒத்துக்கொண்டார். பத்து நாள் கவனித்ததில் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. கால்நடை மருந்தகத்தில் அதற்கு ஊசி போட்டு, கழுத்தில் சிவப்புப் பட்டை கட்டிவிட்டார். குழு உடையவில்லை.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

1. நம் குழு உறுப்பினர் வீடுகளில் எத்தனை நாய்? எத்தனைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோம்?
2. நமக்குப் பக்கத்தில் எந்த மருத்துவமனையில் நாய்க்கடி ஊசி இருக்கிறது? ராத்திரியில் போட்டுக்கொள்ள முடியுமா?
3. சோறு போடுகிறவருக்குப் பொறுப்பு உண்டா, இல்லையா? உங்கள் குழுவின் முடிவு என்ன?
4. அடுத்த கிராம சபையில் நம் சார்பில் யார் பேசுவது?

இந்தக் கேள்விகளுக்கு உங்கள் குழு எடுத்த முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஒரு நகலைக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் எல்லோரோடும் பகிர்ந்துகொள்வோம்.